யூத முன்னாள் படைவீரருக்கு அமெரிக்காவில் கிடைக்கும் உதவிகளும் இஸ்ரேலுடன் தொடர்பு கொள்ளும் முறைகளும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்கப் படையில் பணியாற்றி வெளியே வந்த ஒரு யூதருக்கோ அவருடைய குடும்பத்தாருக்கோ உதவ வேண்டிய நிலை, அங்கே வாழும் தமிழர்களுக்கும் வரக்கூடும். மருத்துவமனைச் செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ சில குடும்பங்களில் மருமகளாகவோ மருமகனாகவோ அந்தப் பொறுப்பு வந்து சேரும். அப்படிப் பொறுப்பேற்பவர் வழக்கமாக முதலில் போவது அருகிலுள்ள யூத ஜெப ஆலயத்துக்குத்தான். அங்கே அன்பாக வரவேற்பார்கள், காப்பி கொடுப்பார்கள். ஆனால் கையில் ஒரே ஒரு அரசு ஆவணம் இல்லாததால் காரியம் எதுவும் நகராது. ஆகவே இந்த வழிகாட்டி ஆவணத்தில் தொடங்குகிறது. அதன் பிறகு அரசு உரிமைகள், யூத சமூக அமைப்புகள், இறுதிச் சடங்கு, இஸ்ரேல் என்ற வரிசையில் செல்கிறது. இஸ்ரேலைக் கடைசியில் வைத்தது அது முக்கியமற்றது என்பதால் அன்று. முந்தைய படிகளில் திரட்டும் தாள்களில் பாதி அங்கேயும் தேவைப்படும் என்பதே காரணம்.

எந்த வரிசைக்கும் கட்டுப்படாத ஒன்று உண்டு. அந்த வீரர் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினாலோ அவருடைய நடத்தை அச்சமூட்டினாலோ, அமெரிக்காவில் 988 என்ற எண்ணை அழைத்து, பதிவுக் குரல் கேட்டதும் 1 என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அது முன்னாள் படைவீரர்களுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் இணைப்பு. வீரர் மட்டுமல்லாமல் அவருக்காக வேறொருவரும் அழைக்கலாம். அரசு மருத்துவப் பயன்களுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

முதல் படி: படைவிலகல் ஆவணம்

கையில் இருக்க வேண்டிய அந்த ஆவணத்தின் பெயர் டி.டி. 214. பணியிலிருந்து விடுபடும் நாளில் வழங்கப்படும் இந்தத் தாளில் பணிக்காலம், பதவி, விருதுகள் ஆகியவற்றோடு எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். இதற்குப் பல பிரதிகள் உண்டு. விடுவிப்பின் தன்மையைக் காட்டாத சுருக்கப் பிரதி ஒன்றும் அவற்றில் அடங்கும். அலுவலகங்கள் கேட்பது அதைக் காட்டும் பிரதியை, அதாவது 'மெம்பர் 4' என்று அச்சிடப்பட்டதை. வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது எந்தப் பிரதி என்று பார்க்காமல் மனுவோடு இணைத்துவிட்டால், அது பெரும்பாலும் திரும்பி வரும்.

தாள் தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையம் வழியாகவும் எஸ்.எஃப். 180 என்ற படிவத்தின் வழியாகவும் கேட்கலாம். வீரருக்கும், அவர் இறந்திருந்தால் மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கும் இது பொதுவாக இலவசமாகவே கிடைக்கும்.

முதியவர்களுக்காக விண்ணப்பிப்பவர்கள் ஒரு பழைய விபத்தை அறிந்திருக்க வேண்டும். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் மூண்ட தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் எரிந்து போயின. 1912 முதல் 1959 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டோரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அந்தத் தீயில் அழிந்தன. ஆகவே இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் பணியாற்றிய தரைப்படை வீரரின் கோப்பு 'இல்லை' என்று பதில் வந்தால், அவர் பணியாற்றவே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. சம்பளப் பட்டியல், பிரிவின் காலை அறிக்கை, மருத்துவமனைப் பதிவு போன்றவற்றிலிருந்து பணிக்காலத்தை மீட்டெழுத அந்த மையமே முயலும். அதற்கு வீரர் இருந்த படைப்பிரிவின் பெயரும், எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்ற விவரமும் வேண்டும். அந்த விவரங்கள் பழைய கடிதங்களிலும் புகைப்படங்களின் பின்புறத்திலும்தான் கிடைக்கும். எனவே பாட்டியின் பெட்டியைத் துழாவாமல் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம்.

யூத வீரரைப் பொறுத்தவரை மற்றொரு சிக்கலும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரரின் கழுத்துத் தகட்டில் மதத்தைக் குறிக்க ஓர் எழுத்து பொறிக்கப்பட்டது. யூதருக்கு அது 'ஹெச்', அதாவது 'ஹீப்ரூ' என்பதன் முதலெழுத்து. ஜெர்மானியரிடம் பிடிபட்டால் அந்த ஓரெழுத்தே உயிருக்கு உலை வைக்கும் என்று அஞ்சி, அதைப் பொறிக்காமல் விட்டவர்களும் வேறு எழுத்தைப் பொறித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆகவே படை ஆவணத்தில் யூதர் என்ற குறிப்பு இல்லாததை வைத்து முடிவு எதற்கும் வரக்கூடாது. தேசிய யூத நலவாரியம் போர்க்காலத்தில் யூத வீரர்களைப் பற்றித் தனியே பதிவுகளைத் தொகுத்தது. அவை நியூயார்க்கில் உள்ள அமெரிக்க யூத வரலாற்றுச் சங்கத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. சட்டப்படியான சான்றாக அவை நிற்காவிட்டாலும், தேடலுக்கு நல்ல துப்பாகும்.

இரண்டாம் படி: அரசு தரும் உரிமைகள்

மருத்துவம், மாத இழப்பீடு, கல்வி, அடக்கம் ஆகிய அனைத்தும் முன்னாள் படைவீரர் நலத்துறையின் பொறுப்பு. மருத்துவச் சேவைக்கு 10-10 ஈ.இசட். என்ற படிவமும், பணியினால் ஏற்பட்ட காயத்துக்கும் நோய்க்குமான இழப்பீட்டுக்கு 21-526 ஈ.இசட். என்ற படிவமும் பயன்படுகின்றன. மருத்துவச் சான்றுகளைத் திரட்ட மாதங்கள் ஆகும் என்றால், 'மனுச் செய்யும் எண்ணம் உண்டு' என்பதை மட்டும் தெரிவிக்கும் 21-0966 படிவத்தை முதலில் அனுப்பிவிட வேண்டும். அடுத்த ஓராண்டுக்குள் முழு மனுவைக் கொடுத்து அது ஏற்கப்பட்டால், தொகையை எண்ணம் தெரிவித்த நாளிலிருந்தே கணக்கிடுவார்கள். ஒரே ஒரு தாளைச் சோம்பலால் தள்ளிப்போட்டு ஓராண்டுத் தொகையை இழப்பது பெரிய அநியாயம்.

முன்பு மறுக்கப்பட்டவர்களும் மீண்டும் முயலலாம். 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 'பாக்ட்' சட்டம், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரித்த குழிகளின் புகையால் வந்தவையாகக் கருதப்படும் பல நோய்களையும், வியட்நாம் போர்க்காலத்து நச்சுக் களைக்கொல்லியோடு தொடர்புபடுத்தப்படும் உயர் இரத்த அழுத்தத்தையும் பட்டியலில் சேர்த்தது.

மனுவைத் தனியே நிரப்ப வேண்டியதில்லை. நலத்துறையின் அங்கீகாரம் பெற்ற சேவை அலுவலர்கள் கவுண்டி அலுவலகங்களிலும் வீரர் சங்கங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. முதல் மனுவைத் தயாரித்துக் கொடுப்பதற்கு எவரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே சட்டம். வரப்போகும் தொகையில் பங்கு கேட்டு விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் ஏராளமாக உள்ளன. யூதப் பெயரோ வீரரின் படமோ முகப்பில் இருப்பதால் மட்டும் அவற்றை நம்பிவிடக் கூடாது. உதவ வருபவரின் பெயர் நலத்துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

போர் முனையிலிருந்து திரும்பியவர் மருத்துவமனைக்குப் போகத் தயங்கினால், 1979 முதல் இயங்கிவரும் 'வெட் சென்டர்' எனப்படும் ஆலோசனை நிலையங்களை நாடலாம். நாடெங்கும் 300-க்கும் மேற்பட்டவை உள்ளன. கட்டணம் இல்லை, குடும்பத்தாரும் உடன் செல்லலாம். பல இடங்களில் ஆலோசகரே முன்னாள் வீரராக இருப்பார்.

மூன்றாம் படி: யூத சமூகத்தின் அமைப்புகள்

அமெரிக்க யூதப் போர்வீரர் சங்கம் 1896-இல் நியூயார்க்கில், உள்நாட்டுப் போரில் பங்கேற்ற யூதர்களால் தொடங்கப்பட்டது. யூதர்கள் போருக்குப் போகாமல் ஒதுங்கிக்கொண்டார்கள் என்ற அவதூறுக்கு, போருக்குப் போனவர்களே அணிதிரண்டு பதில் சொன்னதுதான் அதன் தொடக்கம். 1933 மார்ச்சில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஜெர்மனிக்கு எதிராக நியூயார்க் தெருக்களில் ஊர்வலம் சென்றவர்களும் இவர்களே. இன்று சங்கத்தின் தலைமையகமும் யூதப் படை வரலாற்று அருங்காட்சியகமும் வாஷிங்டனில் டூபான்ட் சர்க்கிள் அருகே ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

புதியவர் அணுக வேண்டியது தலைமையகத்தை அன்று, 'போஸ்ட்' எனப்படும் உள்ளூர்க் கிளையை. ஒவ்வொரு கிளைக்கும் எண் உண்டு. கூட்டத்தில் எழுபது, எண்பது வயதுக்காரர்களே அதிகம் இருப்பார்கள் என்பதை இளைய வீரருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது; இல்லாவிட்டால் முதல் நாளே மனம் சோர்ந்து அவர் திரும்பிவிடுவார். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் எவருடைய மேசையில் தேங்கும் என்பது அந்த முதியவர்களுக்குத்தான் தெரியும். மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போவது, கல்லறைகளில் கொடி நடுவது, துக்க வீட்டில் பிரார்த்தனைக்கு ஆள் சேர்ப்பது போன்றவற்றைக் கிளைகள் செய்கின்றன. அரசு செய்ய வேண்டியதை அவை செய்யும் என்று எதிர்பார்த்துப் போவது ஏமாற்றத்தில்தான் முடியும்.

மத உதவிக்கு வேறொரு பாதை உள்ளது. 1917-இல், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது உருவான யூத நலவாரியத்தின் வழிவந்த படைக்குருமார் மன்றம், படையிலும் வீரர் மருத்துவமனைகளிலும் பணியாற்றும் ரபிகளுக்கு, அதாவது யூத குருமாருக்கு, ஒப்புதல் அளிக்கிறது; ஹபாத் என்ற ஆசார யூத மரபைச் சேர்ந்த அலெஃப் நிறுவனமும் அப்பணியைச் செய்கிறது. வீரர் மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மதகுரு சேவைப் பிரிவு இருக்கும் என்றாலும், யூத குரு முழு நேரமும் இருக்கமாட்டார். எனவே அனுமதிக்கும்போதே, வீரரின் விருப்பத்தைக் கேட்டறிந்து, ரபி வந்து பார்க்க வேண்டும் என்பதையும் யூத உணவு விதிப்படியான 'கோஷர்' உணவு வேண்டும் என்பதையும் பதிவு செய்துவிட வேண்டும். விருப்பத்தைக் கேட்காமல் நாமே யூகித்துப் பதிவு செய்வது தவறு. பன்றி இறைச்சியைத் தொடாதவரும் உண்டு, எதைப் பற்றியும் கவலைப்படாதவரும் உண்டு.

வாடகை பாக்கி, மருந்துச் செலவு, மன ஆலோசனை, முதியோர் பராமரிப்பு போன்றவற்றுக்கு ஊர்தோறும் உள்ள யூதக் குடும்பநலச் சேவை அமைப்பை அணுகலாம். அதன் கதவு பெரும்பாலும் எல்லா மதத்தினருக்கும் திறந்தே இருக்கிறது. ஊரில் எந்த அமைப்பு எதைச் செய்கிறது என்று தெரியாவிட்டால், யூதக் கூட்டமைப்பின் உள்ளூர் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பணமுடைக்கு வட்டியில்லாக் கடன் சங்கங்கள் உள்ளன. கடனுக்கு வட்டி வாங்காதே என்ற வேதக் கட்டளையை அடிப்படையாகக் கொண்டவை இவை. நியூயார்க் சங்கம் 1892-இல் தொடங்கியது. வட்டி இல்லையே தவிர, பிணை நிற்பவரைக் கேட்பார்கள். பிணை நிற்க இருவரை முன்பே பேசி வைத்துக்கொண்டு போவது உத்தமம்.

அடக்கம் குறித்து முன்கூட்டியே செய்ய வேண்டியது

இந்தப் பகுதியை வீரர் நலமாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். யூத மரபில் இறந்தவரை இயன்றவரை மறுநாளே அடக்கம் செய்வார்கள். படைவீரர்களுக்கான அரசின் தேசியக் கல்லறைகளிலோ தகுதியைச் சரிபார்த்த பிறகே நாள் குறிப்பார்கள். வார இறுதியில் பொதுவாக அடக்கம் நடைபெறாது. இந்த இரண்டும் மோதாமல் இருக்க, 40-10007 என்ற படிவத்தின் வழியாகத் தகுதியை உயிரோடு இருக்கும்போதே உறுதி செய்துகொள்ளும் வசதி உள்ளது. இந்த ஒரு படிவத்தை நிரப்பியிருந்தால், வெள்ளிக்கிழமை காலையில் துக்கத்தோடு குடும்பத்தார் தொலைபேசியில் மன்றாட நேராது.

ஆசாரமான குடும்பங்கள் யூதர்களுக்கென்றே உள்ள இடுகாட்டைத்தான் விரும்புவார்கள். அப்படியானால் அரசு உதவி போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியன்று. தனியார் இடுகாட்டில் அடக்கம் செய்தாலும் கல்லறைக் கல்லோ பெயர்த் தகடோ அரசு செலவில் கேட்டுப் பெறலாம். 40-1330 என்ற படிவத்தில் கல்லில் பொறிக்க வேண்டிய சின்னத்தின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். தாவீதின் நட்சத்திரத்துக்கு எண் 3. கொடியை மடித்துக் குடும்பத்திடம் அளித்து இறுதி இசையை முழக்கும் படை மரியாதைக்கு, சீருடையில் குறைந்தது இருவராவது வர வேண்டும் என்பது சட்டம். அதை ஈமச்சடங்கு நடத்துபவர் வழியாகக் கேட்க வேண்டும். இறந்தவருக்கான 'கதீஷ்' பிரார்த்தனையைச் சொல்ல வயதுவந்த யூதர் பத்துப் பேர் தேவை. உறவினர் குறைவாக இருந்தால் சங்கக் கிளைக்குச் சொல்லிவிடலாம்.

வெளிநாட்டில் போரில் இறந்த யூத வீரரின் கல்லறையில் தவறுதலாகச் சிலுவை நடப்பட்டிருப்பது தெரியவந்தால், அதை ஆராய்ந்து தாவீதின் நட்சத்திரமாக மாற்றித்தர 'ஆப்பரேஷன் பெஞ்சமின்' என்ற அமைப்பு பாடுபடுகிறது. கழுத்துத் தகட்டில் ஓரெழுத்தை மறைத்தவர்களின் கதை சில குடும்பங்களுக்கு இங்கேதான் முடிகிறது.

நான்காம் படி: இஸ்ரேலுடன் தொடர்பு

இஸ்ரேலைப் பார்க்கப் போவது, அங்கே சில வாரம் தொண்டு செய்வது, அங்கேயே குடியேறுவது ஆகியவை மூன்று வெவ்வேறு அமைப்புகளின் வேலைகள். ஒன்றுக்குக் கொடுத்த விண்ணப்பம் மற்றொன்றுக்குச் செல்லாது.

பார்க்கப் போகும் அமெரிக்கக் குடிமகன், 2025 ஜனவரி முதல், புறப்படும் முன்பே இ.டி.ஏ.-ஐ.எல். என்ற மின்னணு அனுமதியைப் பெற வேண்டும். கட்டணம் 25 ஷெக்கெல். உடன் செல்லும் துணைவரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் அவருக்கு விசா வேண்டும். இஸ்ரேலியக் குடியுரிமை உள்ளவர் இஸ்ரேலியக் கடவுச்சீட்டோடுதான் நுழைய வேண்டும் என்பதால், பெற்றோர் வழியில் அறியாமலே குடியுரிமை வந்திருக்கிறதா என்று துணைத்தூதரகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. போர் மனவடுவோடு வாழும் அமெரிக்க வீரர்களைக் குழுவாக அழைத்துச் செல்லும் 'ஹீரோஸ் டு ஹீரோஸ்' என்ற அமைப்பு எல்லா மதத்து வீரரையும் ஏற்கிறது. இலவசப் பயணத் திட்டமாகப் பெயர்பெற்ற 'பர்த்ரைட்' இளைஞர்களுக்கானது. 26 வயதைக் கடந்த வீரர் அதை நம்பியிருக்க வேண்டாம்.

தொண்டு செய்ய விரும்புவோருக்கு 1980-களின் தொடக்கத்தில் தோன்றிய 'சார்-எல்' இருக்கிறது. இஸ்ரேலியப் படைத்தளங்களில் தங்கி, மருந்துப் பெட்டிகளை அடுக்குவது, கருவிகளைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளைச் செய்ய வேண்டும். ஆயுதம் தூக்கும் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. முதியவர்களும் போகலாம் என்பதால் முன்னாள் வீரர்களுக்கு இது பொருந்தும். மருத்துவச் சான்றும் பயணக் காப்பீடும் கேட்பார்கள். ஒருவர் அமெரிக்கப் படையில் 20 ஆண்டு முடித்து ஓய்வூதியம் பெறுபவராக இருந்தால், வெளிநாட்டு அரசிடம் சம்பளம் தரும் வேலையை ஏற்பதற்கு முன் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். பெறாவிட்டால் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். அரசின் இரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதியோடு வேலை பார்ப்பவரும் மேலதிகாரியைக் கேட்காமல் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் கூடாது.

குடியேறுவதற்கு அடிப்படை 1950-இல் இயற்றப்பட்ட திரும்பிவருதல் சட்டம். 1970-இல் செய்த திருத்தத்தின்படி யூதரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய துணைவர்களும் அந்த உரிமையைப் பெறுகிறார்கள். ஆகவே மதச் சட்டப்படி யூதராகக் கருதப்படாத பேரனும் குடியேறலாம். ஆனால் அங்கே திருமணப் பதிவு போன்றவற்றில் அவருக்குச் சிக்கல் வரும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வட அமெரிக்காவிலிருந்து செல்வோருக்கு 2002-இல் தொடங்கப்பட்ட 'நெஃபெஷ் பெநெஃபெஷ்' அமைப்பு, யூதக் குடியேற்றத்தைக் கவனிக்கும் யூத முகமையோடு சேர்ந்து வழிகாட்டுகிறது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ரபி எழுதிய கடிதம், எஃப்.பி.ஐ. தரும் நன்னடத்தைச் சான்று ஆகியவை வேண்டும். வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான 'அப்போஸ்டில்' முத்திரையை, மாநில அரசு தந்த சான்றுக்கு அந்த மாநிலமே இட வேண்டும், எஃப்.பி.ஐ. சான்றுக்கு வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத்துறைதான் இட வேண்டும். இதை மாற்றி அனுப்புவோர் பலர். போனது வந்து மறுபடி போக வாரங்கள் கழியும்.

எபிரேயம் கற்றுக்கொள்ளாமல் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிவிடலாம் என்பவர்களுக்கு மிக்கி மார்க்கஸின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். வெஸ்ட் பாயின்ட் படைக் கல்லூரியில் பயின்ற இந்த அமெரிக்கப் படை அதிகாரி, 1948-இல் இஸ்ரேலியப் படையின் முதல் ஜெனரலானார். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு, முகாமுக்குத் திரும்பும்போது காவலாளி எபிரேயத்தில் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல இயலாமல், சொந்தக் காவலாளியின் குண்டுக்கே பலியானார். அவருடைய கல்லறை வெஸ்ட் பாயின்டில் இருக்கிறது. புதுக் குடியேறிகளுக்கு 'உல்பான்' என்ற எபிரேய வகுப்பு இலவசம். சேர்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

குடியேறிய பின் அமெரிக்கப் பயன்கள் என்ன ஆகும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. மாத இழப்பீடு தொடர்ந்து வரும். ஆனால் அமெரிக்க வீரர் மருத்துவமனை அங்கே இல்லை. பணியினால் ஏற்பட்டதாக ஏற்கப்பட்ட நோய்க்கு மட்டும் 'வெளிநாட்டு மருத்துவத் திட்டம்' செலவை ஈடு செய்யும். புறப்படும் முன்பே அதில் பதிவு செய்துவிட வேண்டும். மற்ற நோய்களுக்கு இஸ்ரேலிய மருத்துவ நிதியங்களான க்லாலித், மக்காபி, மெஉஹெதெத், லெஉமித் ஆகிய நான்கில் ஒன்றில் சேர வேண்டும். படை ஓய்வூதியம் பெறும் முதியவர் 'டிரைகேர் ஃபார் லைஃப்' காப்பீட்டைத் தக்கவைக்க விரும்பினால், அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் 'பி' பகுதிச் சந்தாவை இஸ்ரேலில் இருந்தாலும் கட்டிவர வேண்டும். மெடிகேர்தான் வெளிநாட்டில் பயன்படாதே என்று நிறுத்தினால், டிரைகேர் காப்பீடும் சேர்ந்து போய்விடும்.

எதிர்த் திசையிலும் குழப்பம் உண்டு. இஸ்ரேலியப் படையில் பணியாற்றிவிட்டு அமெரிக்காவுக்கு வந்தவர், அந்தப் பணியை வைத்து அமெரிக்க வீரர் நலத்துறையிடம் உரிமை கோர முடியாது. அவருடைய காயத்துக்குப் பொறுப்பு இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வுப் பிரிவு. 1949-இல் தொடங்கிய காயமுற்ற வீரர் அமைப்பு, டெல் அவீவ், ஹைஃபா, ஜெருசலேம், பேர்ஷேபா முதலிய நகரங்களில் 'பேத் ஹலோஹெம்' என்ற மறுவாழ்வு மையங்களை நடத்துகிறது. குடும்பம் அங்கே இல்லாமல் பணியாற்றும் 'தனி வீரர்'களுக்கு, 2006 லெபனான் போரில் இறந்த அமெரிக்க இளைஞர் மைக்கேல் லெவினின் பெயரால் ஒரு மையம் உள்ளது. அங்கே ஓய்வுநாள் விருந்து முதல் வாடகை வீடு வரை உதவுகிறார்கள். மனவடுவுக்கு 1998 முதல் 'நாதால்' என்ற மையம் இயங்குகிறது. இஸ்ரேலுக்குள் இருப்பவர் மனநெருக்கடியில் அழைக்க வேண்டிய எண் 1201.